"மருந்து எடுக்கிறேன்" என்று அவர் சொன்னால்: எச்.ஐ.வி சிகிச்சையும் ஆண்களுக்கிடையிலான உறவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் ஒருவரிடம் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் இவை. எச்.ஐ.வி இருப்பவருக்கும் இவை உண்டு, இல்லாதவருக்கும் உண்டு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவருக்கு இன்னும் கூடுதலாக உண்டு. எதிரில் இருப்பவர் சிகிச்சையில் இருக்கிறாரா என்பதை வைத்து ஆணுறை வேண்டுமா, இவரோடு போகலாமா, எதுவரை போகலாம் என்று பலரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போடுவதில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் தப்பான எண்ணைப் போட்டுத்தான் அந்தக் கணக்கு நடக்கிறது.

சிகிச்சையில் இருப்பவரோடு உறவு கொண்டால் எச்.ஐ.வி தொற்றுமா?

அவருடைய ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் தொற்றாது. ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழியாக உறவு கொண்டாலும் தொற்றாது. "கொஞ்சம்தான் ஆபத்து", "ரொம்பக் குறைவு" என்று மழுப்ப வேண்டியதில்லை. உடலுறவு வழியாக அவரிடமிருந்து பரவும் வாய்ப்பு பூஜ்ஜியம்.

ஆனால் "சிகிச்சையில் இருக்கிறேன்" என்பதும் "வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது" என்பதும் வேறு வேறு. போன வாரம் முதல் மாத்திரையை விழுங்கியவரும் சிகிச்சையில்தான் இருக்கிறார். மாதத்தில் பத்து நாள் மாத்திரையை மறப்பவரும் அதையேதான் சொல்வார். ஒருவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், மருந்து எடுக்கிறாரா என்று கேட்பதைவிட, கடைசியாக எடுத்த வைரல் லோடு டெஸ்டில் (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட்) என்ன வந்தது என்று கேளுங்கள்.

இதற்கு என்ன ஆதாரம்? ஆண்-பெண் ஜோடிகளை வைத்துச் சொன்னதை நம் தலையில் கட்டுகிறார்களா?

நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது. 2008 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் சிலர் துணிந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து, ஆறு மாதமாவது வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்து, வேறு பால்வினை நோயும் இல்லாதவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி பரவாது என்றார்கள். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. இதைக் கேட்டு எல்லோரும் ஆணுறையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். அன்று அவர்கள் கையில் இருந்த தரவு பெரும்பாலும் ஆண்-பெண் ஜோடிகளைப் பற்றியது என்பதும் உண்மை.

2011-இல் எச்.பி.டி.என் 052 என்ற ஆய்வின் முதல் முடிவு வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை அதில் சேர்த்திருந்தார்கள். சீக்கிரமே சிகிச்சை தொடங்கியதால், துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஜோடிகளில் கிட்டத்தட்ட எல்லோருமே ஆண்-பெண் ஜோடிகள். ஆசனவாய் வழி உறவில் வைரஸ் இன்னும் சுலபமாகப் பரவும் என்பதால், இந்த முடிவு நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்குப் பதில் சொன்னது ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு. அதன் இரண்டாம் கட்டம் முழுக்க ஆண்-ஆண் ஜோடிகளை வைத்தே நடந்தது. 2019-இல் வெளியான முடிவில் 782 ஜோடிகளின் கணக்கு இருந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி, மருந்தால் கட்டுக்குள் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. ஆய்வுக் காலத்தில் அவர்கள் ஆணுறை இல்லாமல் கொண்ட உறவுகள் சுமார் 76,000. துணைவரிடமிருந்து தொற்றியது எத்தனை பேருக்கு? ஒருவருக்கும் இல்லை.

அதே ஆய்வில் 15 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி வந்தது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டபோது, பதினைந்தில் ஒன்றுகூட வீட்டிலிருக்கும் துணைவரின் வைரஸோடு பொருந்தவில்லை. எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. பாசிட்டிவ் என்று எல்லோருக்கும் தெரிந்த, மருந்து எடுக்கும் துணைவரிடமிருந்து ஆபத்து வரவில்லை. வெளியே வேறு யாரிடமிருந்தோ வந்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு தகவலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பதினைந்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா, தாய்லாந்து, பிரேசில் நாடுகளின் ஆண்-ஆண் ஜோடிகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்விலும், வைரஸ் கட்டுக்குள் இருந்த துணைவரிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை.

கண்டறிய முடியாத அளவு என்றால் எவ்வளவு? 20? 50? 200?

ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறும். சிலவற்றில் ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸின் 20 பிரதிக்குக் கீழே போனால் "கண்டறிய முடியவில்லை" என்று வரும், சிலவற்றில் 50. பார்ட்னர் ஆய்வில் வைத்த எல்லை 200. அதனால் ரிப்போர்ட்டில் 68 என்று வந்துவிட்டதே என்று பதற வேண்டாம், 200-க்குக் கீழே தொற்றாது. மருந்து எடுத்தும் 200-க்கு மேல், ஆனால் 1,000-க்குள் இருந்தால், பரவும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. அந்த இடத்தில் மருத்துவரைப் பார்த்து, எண் ஏன் இறங்கவில்லை என்று கேட்க வேண்டும்.

மருந்து தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. இப்போதே ஆணுறையை விடலாமா?

பொறுங்கள். இன்று பரவலாகப் பயன்படும் டோலுடெக்ராவிர் வகை மாத்திரைகள் வேகமானவை, பலருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வைரஸ் கீழே இறங்கிவிடும். சிலருக்கு ஆறு மாதம் ஆகும். எண் இறங்கியது என்று ரிப்போர்ட் சொல்லும்வரை இறங்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எண் இறங்கிய பிறகும், அது நிலைத்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம்.

எச்.பி.டி.என் 052-இல் மருந்து எடுத்தவர்களிடமிருந்து துணைக்குப் பரவிய சில நிகழ்வுகள் உண்டு. அவை எப்போது நடந்தன என்று பார்த்தால் விஷயம் புரியும்: மருந்து தொடங்கிய புதிதில், இல்லையென்றால் மருந்து வேலை செய்யாமல் போனபோது. நடுவில், வைரஸ் நிலையாக அடங்கியிருந்த காலத்தில் ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் மாத்திரை தவறிவிட்டது. கணக்கு மறுபடி ஒன்றிலிருந்தா?

ஒரு நாள் தவறினால் வைரஸ் துள்ளி எழாது. நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள். அவ்வப்போது எண் கொஞ்சம் ஏறி, அடுத்த டெஸ்டில் இறங்குவதும் உண்டு. அது பெரும்பாலும் தானாகவே அடங்கும் சிறு ஏற்றம்.

மருந்தை முழுவதுமாக நிறுத்தினால் கதை வேறு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே வைரஸ் திரும்ப எழும். உடம்பில் ஒன்றும் தெரியாது, காய்ச்சல்கூட வராமல் இருக்கலாம். மாத்திரை கிடைக்காமல் போனது, வேலை போனது, மன அழுத்தம், வீட்டில் யாராவது மாத்திரை டப்பாவைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் என்று எதனால் நிறுத்தினாலும் வைரஸுக்கு எல்லாம் ஒன்றுதான். மறுபடி தொடங்கி, டெஸ்டில் எண் இறங்கியதைப் பார்க்கும்வரை ஆணுறையோ, துணைவருக்கு பிரெப்போ (எச்.ஐ.வி வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து) வேண்டும். நிறுத்திவிட்டேன் என்று துணைவரிடம் சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. திட்டுவாரோ என்று பயந்து மறைக்க வேண்டிய சூழல் இருக்கும் வீட்டில் இந்தப் பாதுகாப்பு நிற்காது. அதனால் மாத்திரை தவறியதைச் சொன்னால் கத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நெகட்டிவாக இருக்கும் துணைவர்களிடம் சொல்வேன்.

மருந்து வந்த பிறகு ஆண்கள் பயமில்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டுக்கு முப்பது வயதாகிறது. 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, இன்றோ நாளையோ என்று கிடந்தவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இந்தப் பேச்சும் தொடங்கிவிட்டது. ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். தமிழில் சொன்னால், சிகிச்சை மீதான மிதமிஞ்சிய நம்பிக்கை.

2004-இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து ஓர் அலசல் வெளியானது. அதில் வந்த விடை எனக்கு இன்றும் சுவாரஸ்யமாகத் தெரிகிறது. மருந்து எடுப்பவர்கள், எடுக்காதவர்களைவிட அதிகமாகப் பாதுகாப்பற்ற உறவு கொள்ளவில்லை. வைரஸ் அடங்கியவர்களும் அப்படித்தான். யார் அதிகம் கொண்டார்கள் என்றால், "மருந்து வந்துவிட்டது, இனிப் பரவாது", "வந்தாலும் பரவாயில்லை" என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கை எச்.ஐ.வி உள்ளவர்களிடமும் இருந்தது, இல்லாதவர்களிடமும் இருந்தது. முடிவை மாற்றியது உடம்பில் போகும் மாத்திரையைவிடத் தலையில் இருக்கும் எண்ணம்தான்.

அன்று அந்த எண்ணத்தைத் தப்பான நம்பிக்கை என்று பார்த்தார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், அதில் பாதி சரியாகவே இருந்திருக்கிறது. துணைவரின் வைரஸ் அடங்கியிருந்தால் பரவாது என்று நம்பியவர் சரியாகத்தான் நம்பினார், ஆய்வு பின்னால் வந்தது. ஊரில் மருந்து இருக்கிறது, அதனால் யாரோடு போனாலும் பரவாயில்லை என்று நம்பியவர்தான் சறுக்கினார். மருந்துக் கடையில் மருந்து இருப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைக்காது, எதிரில் இருப்பவரின் ரத்தத்தில் அது இருக்க வேண்டும்.

அப்புறம், எச்.ஐ.வி இருப்பது தெரிந்தவுடன் ஆண்கள் பொறுப்பில்லாமல் நடக்கிறார்கள் என்ற பேச்சும் தரவோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் 2005-இல் வந்த ஒரு தொகுப்பு அலசலில், தங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தவர்கள், எச்.ஐ.வி இல்லாத துணையோடு பாதுகாப்பற்ற உறவு கொள்வது, தெரியாதவர்களைவிட 68 சதவீதம் குறைவு. தெரிந்தவர்கள் கவனமாக இருந்தார்கள்.

அப்படியென்றால் நெகட்டிவ் என்று சொல்பவர்களோடு மட்டும் போனால் போதாதா?

பலரும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது இதைத்தான். கேட்க அறிவார்ந்த யோசனைபோல இருக்கும். என் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே ஆபத்தான யோசனையும் இதுதான்.

ஒருவர் "நான் நெகட்டிவ்" என்று சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறார்? கடைசியாக டெஸ்ட் எடுத்த நாளுக்குச் சில வாரம் முன்புவரை நெகட்டிவாக இருந்தேன் என்று சொல்கிறார். அந்த டெஸ்ட் போன மாதமா, போன வருடமா? அதற்குப் பிறகு யாரோடெல்லாம் இருந்தார்? சிலர் டெஸ்டே எடுக்காமல், உடம்பு நன்றாக இருப்பதை வைத்து நெகட்டிவ் என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தொற்று நுழைந்த பிறகு டெஸ்டில் தெரிவதற்குச் சில வாரம் பிடிக்கும். இதை ஜன்னல் காலம் என்பார்கள். ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்டில் 18 முதல் 45 நாள்வரை ஆகலாம், விரலில் குத்திச் செய்யும் உடனடி டெஸ்டுகளில் மூன்று மாதம்வரைகூட ஆகலாம். சரியாக அந்த ஆரம்ப வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில், மில்லிக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியும்கூட இருக்கும். மிகச் சுலபமாகப் பரவும் நேரத்தில் அவர் கையில் இருப்பது நெகட்டிவ் ரிப்போர்ட்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு இது: அந்நாட்டில் நடந்த புதிய தொற்றுகளில் சுமார் 38 சதவீதம், தமக்கு எச்.ஐ.வி இருப்பதே தெரியாதவர்களிடமிருந்து பரவியவை. இன்னொரு 43 சதவீதம், தெரிந்தும் சிகிச்சைக்கு வராதவர்களிடமிருந்து. சிகிச்சைக்கு வந்தும் வைரஸ் அடங்காதவர்களிடமிருந்து 20. எச்.ஐ.வி உள்ளவர்களில் பாதிப் பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. அவர்களிடமிருந்து பரவியது பூஜ்ஜியம்.

ஆக, "பாசிட்டிவ், மருந்தில் இருக்கிறேன், போன மாத டெஸ்டில் வைரஸ் இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்னவரைத் தவிர்த்துவிட்டு, "நான் நெகட்டிவ்தான், கவலைப்படாதே" என்று சொன்னவரோடு ஆணுறை இல்லாமல் போகிறவர், மேட்டிலிருந்து இறங்கிக் குழியில் நிற்கிறார்.

டேட்டிங் செயலிகளில் எல்லோரும் "க்ளீனா?" என்று கேட்கிறார்களே?

குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று பதில் போட்டுவிட்டு அடுத்தவரோடு பேசப் போகலாம். அந்தச் சொல் ஒரு பக்கத்தை அழுக்கு என்கிறது, அதனாலேயே உண்மையைச் சொல்ல நினைப்பவர் வாயை மூடிக்கொள்கிறார். "கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தாய்? நான் போன மாதம் எடுத்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லித் தொடங்கினால் பதில் கிடைக்கும்.

நான் டாப் (உறவில் நுழைப்பவர்) மட்டும்தான். எனக்கு ஆபத்து இல்லைதானே?

குறைவு, ஆனால் இருக்கிறது. துணைவருக்கு மருந்தில்லாத எச்.ஐ.வி இருந்து, ஆணுறையும் இல்லையென்றால், பாட்டமாக (உள்வாங்குபவராக) இருப்பவருக்கு ஒவ்வொரு 10,000 உறவுக்கும் சுமார் 138 தொற்று, டாப்பாக இருப்பவருக்கு சுமார் 11 என்று மதிப்பிடுகிறார்கள். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இது சராசரி. புதிதாகத் தொற்றியவரோடு என்றாலோ, யாருக்காவது புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தாலோ எண் மேலே போகும். இந்த எண்கள் மருந்தில்லாதவருக்கு உரியவை என்பதையும் மறக்க வேண்டாம். வைரஸ் அடங்கியவரோடு என்றால் இரண்டு இடத்திலும் பூஜ்ஜியம்தான், டாப்பா பாட்டமா என்ற பேச்சுக்கே வேலையில்லை.

வாய்வழி உறவு?

மருந்தே எடுக்காதவரோடு என்றாலும் எச்.ஐ.வி பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் தாராளமாகப் பரவும்.

அவருடைய வைரல் லோடு ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லலாமா?

நீண்டநாள் துணைவர் என்றால், காட்டச் சொல்வதைவிட டெஸ்ட் நாளில் கூடவே போவது நல்லது. ரிப்போர்ட் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும், போலீஸ் விசாரணைபோல இருக்காது.

இன்றிரவு மட்டும் சந்திப்பவர் என்றால், கேட்கலாம், அவர் மறுக்கவும் செய்யலாம். தன் மருத்துவ விவரத்தை அறிமுகமில்லாதவர் கையில் கொடுக்கப் பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் உண்டு. திரைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த இடத்தில் உங்கள் பாதுகாப்பை அவர் சொல்லில் வைக்காமல் உங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அது ஆணுறையோ, பிரெப்போ, இரண்டுமோ. அப்படி இருந்தால் அவர் சொல்வது உண்மையா என்று துருவவே வேண்டியதில்லை.

என் துணைவருக்கு இரண்டு வருடமாக வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் படுக்கையில் பயம் போகவில்லை. எனக்கு என்ன பிரச்சினை?

உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எய்ட்ஸ் என்ற சொல்லை மண்டையோட்டுப் படத்தோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவருக்கு, 76,000 என்ற எண்ணைப் படித்த மறுநாளே பயம் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது. அறிவுக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரிய நாளாகும்.

எதிர்ப்பக்கமும் இது நடக்கிறது. மருந்தில் இருக்கும் துணைவர், "என்னால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று தொடவே தயங்குவார். பாசிட்டிவ் துணைவர்தான் ஆணுறை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார், நெகட்டிவ் துணைவர் வேண்டாம் என்பார். இந்தச் சண்டை நீங்கள் நினைப்பதைவிடச் சகஜம். தொற்றைத் தடுக்க ஆணுறை தேவையில்லை என்பதற்காக அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிம்மதிக்காக மாட்டிக்கொள்வதும் சரிதான். ஆனால் ஆணுறை போடுவது அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் என்று அவர் நினைத்துக்கொள்ளாமல், என் பயம் இது, இது குறையக் கொஞ்ச நாள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சிலர் சில மாதத்துக்கு பிரெப் எடுக்கிறார்கள். மருத்துவக் கணக்கில் அது தேவையற்றது, மனக் கணக்கில் தேவையாக இருக்கலாம்.

நான் பாசிட்டிவ், வைரஸ் அடங்கியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் சொல்லியாக வேண்டுமா?

இதில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. அவருக்குத் தொற்றுமா என்றால், தொற்றாது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் சொல்லாமல் உறவு கொள்வதே குற்றம், தொற்று பரவாவிட்டாலும். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இதை யூகத்தில் விடக் கூடாது.

மூன்றாவது, சொல்வது நல்லதா என்பது. உறவு நீளும் என்று தோன்றினால் சீக்கிரம் சொல்வதே நல்லது, ஏனென்றால் ஆறு மாதம் கழித்துத் தெரியவரும்போது அவரை அதிகம் நோகடிப்பது மறைத்தது என்பதுதான். ஆனால் சொன்னால் அடிவிழும், வீட்டில் போட்டுக் கொடுப்பார், வேலை போகும் என்ற நிலையில் இருப்பவரிடம் "நேர்மையாக இரு" என்று தூரத்திலிருந்து அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துணைவரின் வைரஸ் அடங்கியிருந்தால் எனக்கு பிரெப் தேவையா?

அவர் ஒருவரோடு மட்டும் என்றால் தேவையில்லை. வேறு ஆண்களோடும் உறவு உண்டு என்றால் யோசியுங்கள். அந்தப் பதினைந்து பேர் நினைவிருக்கிறதா?

பிரெப் என்பது எச்.ஐ.வி இல்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் மருந்து. 2012-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. தினம் ஒரு மாத்திரை என்பது பரவலான முறை. ஆண்களுக்கு வேறொரு முறையும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அந்த முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இந்த விட்டுவிட்டு எடுக்கும் முறை ஆகாது, அதனால் தொடங்கும் முன் டெஸ்ட் அவசியம். 2025-இல் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது.

பிரெப் வந்தபோதும் அதே பழைய புலம்பல் எழுந்தது: ஆணுறை போச்சு! இந்தமுறை புலம்பலில் உண்மை இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் 2013 முதல் 2017 வரை எடுத்த கணக்கெடுப்புகளில், பிரெப் எடுப்பவர்கள் 2 சதவீதத்திலிருந்து 24 சதவீதம் ஆனார்கள். எப்போதும் ஆணுறை போடுபவர்கள் 46-இலிருந்து 31 ஆகக் குறைந்தார்கள். பிரெப்பே எடுக்காத சிலரும் ஆணுறையை விட ஆரம்பித்தார்கள். மற்றவர்களின் பாதுகாப்பை நம்பி இவர்கள் தங்கள் பாதுகாப்பைத் தளர்த்துகிறார்கள். 1996-இல் மருந்தை நம்பிச் சறுக்கியவருக்கும் இவருக்கும் அதிக வித்தியாசமில்லை.

அப்படியானால் ஆணுறை எதற்குத்தான் வேண்டும்?

சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா. வைரஸ் அடங்கியிருப்பது இவற்றுக்குத் தடையில்லை, பிரெப்பும் இல்லை. பார்ட்னர் ஆய்வில் கணிசமானவர்களுக்குப் பால்வினை நோய் வந்தது. அப்படி வந்தபோதும் எச்.ஐ.வி பரவவில்லை என்பதால், ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் வைத்த மூன்றாவது நிபந்தனை தேவையற்றதாகிவிட்டது. ஆனால் நோய் நோய்தான்.

பல துணைகள் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், தொண்டை, ஆசனவாய் நான்கிலும் டெஸ்ட் எடுப்பது நல்லது. சிறுநீரை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினால் தொண்டையிலும் ஆசனவாயிலும் இருப்பது தப்பித்துவிடும். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் எடுத்தால் சிஃபிலிஸும் கிளமிடியாவும் நன்றாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவரைக் கேட்டு எடுக்க வேண்டிய மருந்து அது. ஹெபடைடிஸ் ஏ, பி, எச்.பி.வி தடுப்பூசிகளையும் விட்டுவிடாதீர்கள்.

இருவருமே பாசிட்டிவ். இனி என்ன இருக்கிறது?

இருவருக்கும் வைரஸ் அடங்கியிருந்தால் எச்.ஐ.வி பற்றிய பேச்சு முடிந்தது. ஹெபடைடிஸ் சி-யை மறக்க வேண்டாம். எச்.ஐ.வி உள்ள ஆண்களுக்கிடையே, ரத்தம் கசியும் அளவுக்கு முரட்டுத்தனமான உறவு வழியாகவும் பகிர்ந்த ஊசி வழியாகவும் அது பரவியிருக்கிறது. மருந்தால் குணமாகும், ஆனால் குணமானவருக்கு மறுபடியும் வரும்.

போதையில் இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் யார் போடுவார்?

யாரும் போட மாட்டார்கள். அதனால்தான் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். மெத் போன்ற போதைப்பொருள்களை எடுத்து இரண்டு நாள் தூங்காமல் இருப்பவர் மாத்திரை நேரத்தைத் தவறவிடுவார். அலாரம் வைத்தாலும் கேட்காது, டப்பா வீட்டில் இருக்கும். போகும்போதே மாத்திரையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிடோனாவிர், கோபிசிஸ்டாட் கலந்த எச்.ஐ.வி மருந்துகள் சில போதைப்பொருள்களை உடம்பில் பல மடங்கு ஏற்றிவிடும், உயிரே போகலாம். என்னென்ன எடுக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற முடியும். ஊசி பகிர்வது தனி விஷயம்: வைரஸ் அடங்கியிருந்தால் பரவாது என்று உறுதியாகச் சொல்வது உடலுறவுக்கு மட்டும்தான், பகிர்ந்த ஊசிக்கு அதை நீட்டிக்கொள்ளக் கூடாது.

நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவர் நிலை எனக்குத் தெரியாது. இப்போது என்ன செய்வது?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் பெப் (தொற்று பிடிக்காமல் தடுக்க உறவுக்குப் பின் எடுக்கும் எச்.ஐ.வி மருந்து) தொடங்க வேண்டும், முடிந்தால் முதல் நாளே. 28 நாள் மாத்திரை, நடுவில் நிறுத்தாமல். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ எச்.ஐ.வி சிகிச்சை மையத்திலோ கேட்டால் தருவார்கள். எப்படி நடந்தது, யாரோடு என்று கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் ஆனது, எந்த வகை உறவு என்பது போதும்.

வழியில் அவருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். "பாசிட்டிவ்தான், போன மாத டெஸ்டிலும் வைரஸ் அடங்கியிருந்தது" என்று சொன்னால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், பெப் வேண்டாம் என்றே சொல்லக்கூடும். "நெகட்டிவ், இரண்டு வருடம் முன் பார்த்தேன்" என்று சொன்னால், போகிற வழியை மாற்ற வேண்டாம்.